அரிசி டிரம் பக்கத்து ஸ்டுடியோ

வேண்டாம் அம்மா, மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம்தான், ஆனால் மேலே வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் உயிர் போய்விட்டு வரும். நீங்கள் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தால் போதும். திண்டுக்கல்தானே? நானும் அங்கேதான்.

குக்கர் இல்லை. கண்டக்டரும் அப்படித்தான் கேட்டார், "என்னக்கா, யாருக்குச் சீரு?" என்று. கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருக்குமே, அது இல்லை. அதற்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும், அது. துண்டைச் சுற்றி, அதற்கு மேல் பழைய நைட்டியைச் சுற்றி வைத்திருக்கிறேன். வானம் அந்தப் பக்கம் கறுத்திருக்கிறதே, மழை வருமா? ஜன்னலைச் சாத்திவிடுங்கள். புழுக்கமாக இருந்தால் பரவாயில்லை, சாரல் அடிக்கக் கூடாது.

உங்களுக்கு எந்த ஊர்? குஜிலியம்பாறையா? நல்லதாகப் போயிற்று. வேடசந்தூர் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அங்கே எங்கள் வீட்டுக்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. அருளப்பன், கீபோர்டு அருளப்பன். நாங்கள் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் படுக்கையறைதான். சுவர் முழுக்க முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்திருக்கிறோம். நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். மைக்குக்கு ஒரு அறை, மனுஷருக்கு ஒரு கூடம்.

ஆடி மாதம் நீங்கள் எந்த ஊர்ப் பக்கம் போனாலும் குழாயில் அம்மன் பாட்டுக் கேட்டிருப்பீர்கள். அந்தந்த ஊர் அம்மன் பெயரைச் சொல்லி, அந்த ஊர் ஆலமரத்தைச் சொல்லி, கடைசியில் விழாக் கமிட்டித் தலைவர் பெயரையும் சொல்லி வருமே. அதில் பாதி எங்கள் வீட்டில் செய்ததுதான். நான் மாதாவைக் கும்பிடுகிறவள், என் பெயர் பிலோமினா. ஆனால் ஆடி முழுக்க எங்களுக்குச் சோறு போடுகிறவள் மாரியாத்தாள். மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் ஒரு தாய்தானே.

அந்தப் பாட்டுகளில் ஒரு விஷயம் இருக்கிறது. வெளியே சொல்லக் கூடாது, உங்களிடம் சொல்கிறேன். மெட்டு மொத்தம் ஒன்பதுதான். அன்னக்கொடி என்று ஒரு அம்மாள் பாடுவாள், அருமையான தொண்டை. ஒவ்வொரு மெட்டையும் ஒரு தடவை பாடி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த ஊர் வந்தாலும் ஊர்ப்பெயரை மட்டும் பாடுவாள். நான் பழைய ஊர்ப்பெயரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஊர்ப்பெயரை ஒட்டிவிடுவேன். மூச்சு எங்கே விட்டாள் என்று பார்த்து ஒட்ட வேண்டும். ஒட்டின இடம் தெரியக் கூடாது, ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கிற மாதிரி. பதினொரு வருஷத்து ஊர்ப்பெயர்கள், நானூறுக்கு மேல், எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன்.

நானா? நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கு இசையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. முன்பு ஒரு பையன் இருந்தான் கம்ப்யூட்டர் பார்க்க, சென்னைக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும். ரெக்கார்டு பொத்தானை அமுக்க ஒரு ஆள் வேண்டுமே. "பிலோ, அந்தச் சிவப்பை ஒரு தட்டு தட்டு" என்பார். தட்டினேன். அப்புறம் "அந்தக் கத்தரிக்கோல் படத்தைத் தொட்டு இந்த இடத்துல வெட்டு" என்றார். வெட்டினேன். அவ்வளவுதான். அப்படியே பதினொரு வருஷம் போய்விட்டது. உதவிக்கு உட்கார்ந்தேன், வேறு ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வாத்தியமும் திரையில் ஒரு கோடாக வரும். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் போட்டிருக்கும். எனக்கு அது ஒட்டவில்லை. நானாகத் தமிழில் பெயர் வைத்துக்கொண்டேன். தவில் பெரியப்பா. அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேச முடியாது. அடியில் தும் தும் என்று ஒன்று போகுமே, அது மாமனார். இருப்பதே தெரியாது, ஆனால் எடுத்துவிட்டால் வீடு ஆடும். உடுக்கை சின்ன நாத்தனார், எப்போதும் ஒரு படபடப்பு. புல்லாங்குழல் தம்பி பெண்டாட்டி, விசேஷத்துக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். அன்னக்கொடியின் குரல் மருமகள். இத்தனை பேருக்கு நடுவில் அவள் சொல்வது கேட்க வேண்டும், அதே சமயம் யாரையும் மிதித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. அதற்குத்தான் மெனக்கெடுவேன். "மாமனாரைக் கொஞ்சம் அடக்கு, மருமக திணறுறா" என்பார் வீட்டுக்காரர். வெளியே இருந்து கேட்கிறவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அய்யோ, பெரிய பள்ளம். பார்த்து ஓட்டக் கூடாதா இந்த மனுஷன்? இருங்கள், தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

இந்த வைகாசியில் ஆரம்பித்தது எல்லாம். நத்தத்தில் இருந்து ஒருவர் பாட வந்தார். பாடிவிட்டுப் போகும்போது திரையைப் பார்த்து, "என்னண்ணே, இன்னும் இந்தச் சாஃப்ட்வேரா? இதைப் போட்ட கம்பெனிக்காரனே மறந்திருப்பானே" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மதுரைக்குப் போனார், புதுக் கம்ப்யூட்டரும் புதுச் சாஃப்ட்வேருமாக வந்து இறங்கினார். நான் ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி.

வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "இனிமே நீ வந்து உக்கார வேணாம் பிலோ. கழுத்து வலி கழுத்து வலின்னு சொல்றேல்ல. நானே பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு."

எனக்குக் கழுத்து வலி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தினமும் சொல்வேன். அதற்காக? முதுகு வலிக்கிறது என்று சொன்னால் சமையலை விட்டுவிடு என்று யாராவது சொன்னார்களா? பதினொரு வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் இருந்து ஒரு பேச்சில் எழுப்பிவிட்டார். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

பழைய கம்ப்யூட்டரை என்ன செய்தார் தெரியுமா? சமையலறையில் கொண்டு வைத்தார். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை உண்டு, அதன் மேல். திரை, மவுஸ், காதில் மாட்டுகிற ஹெட்போன், எல்லாவற்றையும் வயரோடு கொண்டுவந்து மாட்டிவிட்டு, பிளக்கையும் சொருகிவிட்டுப் போய்விட்டார். "வேற இடம் இல்ல" என்றார். பழைய சாமான் என்றால் மூட்டை கட்டிப் பரணில் போடுவார்கள். கரண்டு கொடுத்து மாவு அரைக்கிற இடத்தில் வைப்பார்களா? எதையும் ஒழுங்காக எடுத்துவைக்கத் தெரியாத மனுஷர். கல்யாணம் ஆன நாளில் இருந்து இதே கதைதான்.

சரி, புதியதைத் திறந்தார். கரிச்சட்டி நிறம். எல்லாம் கறுப்பு, நடுநடுவே சாம்பல். பழையதில் பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. இதில் எது பொத்தான், எது சும்மா படம் என்றே தெரியாது. பழைய பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து அதில் திறந்தார். நான் வைத்த பெயர்களைக் காணோம். அத்தனை எழுத்தும் கட்டம் கட்டமாக நிற்கிறது. கூடத்துக்கு எழுந்து வந்து, "பிலோ, இதுல எது மாமனாரு, எது நாத்தனாரு?" என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும், நான் ரெஸ்ட் எடுக்கிறேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னபோது நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் டொக் டொக். தாளம் தப்பாமல் இருக்க உள்ளே ஒரு டொக் டொக் ஓடும். பழையதில் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். இதில் நிறுத்துகிற இடம் அவருக்குத் தெரியவில்லை. இருபது நாள், வீடு முழுக்க டொக் டொக். பக்கத்து வீட்டு ராசாத்தி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன பிலோக்கா, தச்சு வேலையா?" என்று கேட்கிறாள். அன்னக்கொடி வந்து மைக் முன்னால் நின்றாள். அவள் பாடினால், அவள் குரல் காதுக்குள் ஒரு தும்மல் போடுகிற நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. "மகமாயி" என்று பாடி முடித்து அடுத்த வரிக்குப் போனால், "மாயி" என்று பின்னாலேயே வருகிறது. நாலு வரி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். "அருளப்பண்ணே, எனக்கு முன்னாடி யாரோ பாடுறா, பின்னாடி யாரோ பாடுறா, நடுவுல நான் எதுக்கு?" என்று கேட்டாள். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். நான் சர்க்கரை போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன்.

இரண்டும் அப்புறம் சரியாகிவிட்டது. ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது நான் தூசி துடைக்கப் போனேன். மேலே கோயில் கோபுரம் மாதிரி ஒரு குட்டிப் படம் இருந்தது. துணியோடு கை மவுஸில் பட்டது, டொக் டொக் நின்றுவிட்டது. அந்தத் தும்மல் விவகாரமும் அப்படித்தான். இன்னொரு நாள் துடைக்கும்போது ஒரு பட்டியல் விரிந்தது, ஆயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண். இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று குறைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அன்னக்கொடி, "இப்ப என் குரலு என்கூடவே வருது" என்றாள். எங்கள் வீட்டுக்காரர், "பாத்தியா, புதுசு தன்னால சரியாயிருச்சு" என்றார். தன்னால் சரியாகுமாம். நான் ஏன் சொல்லப் போகிறேன்? துடைக்கத்தானே போனேன்.

ஆடி பிறந்தது. நொச்சிக்கோம்பைக்காரர்கள் பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். இவரே உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுத்து அனுப்பினார். எனக்குப் போட்டுக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை, கோபம். நொச்சிக்கோம்பைக்கும் பக்கத்துப் பூதிமேட்டுக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு சண்டை. இரண்டு அம்மனும் அக்கா தங்கை. யார் அக்கா என்பதுதான் சண்டை. இந்த ஊர்க் கூழில் அந்த ஊர்க்காரர்கள் கை நனைக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் இரண்டு பெயரையும் நான் எப்போதும் வேறு வேறு இடத்தில் வைத்திருப்பேன். அவர் என்ன செய்தார்? மூன்றாவது சரணத்தில் ஒரு இடத்தை மாற்ற மறந்துவிட்டார். முதல் வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றுகிற நேரம், நொச்சிக்கோம்பைக் கோயிலில் எட்டுக் குழாய் கட்டி, "பூதிமேட்டில் குடியிருக்கும் மூத்தவளே" என்று பாட்டுப் போகிறது.

மதியம் ஒரு மணிக்கு ஆறு பேர் வந்து இறங்கினார்கள். கமிட்டித் தலைவர் பெரியகருப்பன் முன்னால். மீசை அப்படி முறுக்கி நிற்கும்.

"ஏப்பா அருளப்பா, எங்க ஆத்தா வாசல்ல நின்னு அவ தங்கச்சியை மூத்தவளேன்னு கூப்பிட்டிருக்கியே, இது உனக்கே நல்லாருக்கா?"

"கம்ப்யூட்டர் புதுசுங்கய்யா, கொஞ்சம்…"

"கம்ப்யூட்டர் புதுசுன்னா எங்க ஆத்தா பழசா? பொண்டாட்டி வீட்டுக்கு வந்த பூதிமேட்டு மருமகனுங்க ரெண்டு பேரு விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாமி புறப்பாடு. அதுக்குள்ள எங்க பேரு வரணும். வரலைன்னு வை, இந்தப் பக்கத்துல ஒரு ஊர்க்காரனும் உன் வாசப்படி மிதிக்க மாட்டான்."

சொன்னதைச் செய்கிற ஆள். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போய் உட்கார்ந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். மவுஸை இப்படி நகர்த்துகிறார், அப்படி நகர்த்துகிறார். பாட்டில் இருந்த ஒரு பெயருக்குப் பதிலாக முழுச் சரணமும் காணாமல் போய்விட்டது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. எனக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சமையலறைக்குப் போனேன், பழைய பெட்டியைத் தட்டினேன், ஹெட்போனை மாட்டினேன். அதே மெட்டு, அதே அன்னக்கொடி, நொச்சிக்கோம்பை ஏழு விதமாகப் பாடி வைத்திருக்கிறாள். குக்கர் நாலு விசில் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. பென் டிரைவில் போட்டேன். அவர் ஆறு பேருக்கும் டீ கொடுக்க வெளியே வந்த சமயம் ஸ்டுடியோவுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் திரும்பி வந்ததும் பென் டிரைவை நீட்டி, "ஏங்க, நான் சும்மா உக்காந்து பாத்தேன், புதுசுலேயே வந்துருச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பென் டிரைவைப் பார்த்தார். அதில் மாவு ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். "சரி" என்றார். வெளியே போய் அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். "பாத்தீங்களாய்யா, புது சாஃப்ட்வேர்ல எவ்வளவு வேகமா முடிஞ்சுது" என்று ஒரே பெருமை. பெரியகருப்பன் மூன்றாவது சரணத்தை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம்தான் மீசை இறங்கியது. "பழசை விட இது தெளிவா இருக்கப்பா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அன்றையில் இருந்து இப்படித்தான் ஓடுகிறது. அவர் புதியதில் உட்கார்ந்து ஊர்ப்பெயரை மட்டும் ரெக்கார்டு பண்ணுவார், அது வருகிறது அவருக்கு. அதை நான் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, பழையதில் பாட்டைச் செய்து, திரும்ப அவர் மேசையில் வைத்துவிடுவேன். இந்த ஆடியில் முப்பத்தொரு ஊர். எல்லாம் அரிசி டிரம் பக்கத்தில் செய்ததுதான். அவர் போகிற இடமெல்லாம் புதியதைப் பற்றிப் பெருமை பேசுகிறார். கேட்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் எப்படிச் சொல்வது? அத்தனை ஊர்க்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டாரே.

மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம். நல்லவேளை, அவருக்கு இந்த ஆடியில் ஒரு இருமல் வந்திருக்கிறது. சமையலறைக்கு வருவதற்கு முன்னால் கூடத்திலேயே இருமிவிடுவார். நான் திரையை அணைத்துவிட்டு வெங்காயத்தைக் கையில் எடுத்துவிடுவேன். தூதுவளை வைத்துக் கொடுத்துப் பார்த்தேன், அந்த இருமல் மட்டும் போகவில்லை. ஸ்டுடியோவில் இருக்கும்போது இருமுவதே இல்லை. மசாலாக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. போன வாரம் திடீரென்று ஒரு மெத்தை நாற்காலி வாங்கி வந்தார், கழுத்துக்கு அணை வைத்தது. எங்கே போட்டார் என்று நினைக்கிறீர்கள்? அரிசி டிரம்முக்கு முன்னால். "உக்காந்து காய் நறுக்கு" என்றார். பாருங்கள், எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று. டியூப் லைட்டும் அந்த மூலைக்கே போட்டுக் கொடுத்தார். காய் நறுக்கத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. காலையில் இட்லி சாப்பிடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார். "நேத்துச் செஞ்ச பாட்டுல பெரியப்பா சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, மருமகளை இன்னும் முன்னாடி கொண்டாரணும். புதுசுகிட்ட சொல்லணும்" என்பார். நான் மத்தியானத்துக்குள் சரி பண்ணி வைத்துவிடுவேன். சாயங்காலம் கேட்டுவிட்டு, "அட, புதுசு கேட்டுக்கிச்சே" என்பார். கம்ப்யூட்டர் எங்கேயாவது காதால் கேட்குமா? வெள்ளை மனசு அவருக்கு.

முந்தாநாள்தான் இடி விழுந்தது. பழைய பெட்டியைத் தட்டினேன், கீய்ங் என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பத் தட்டினேன். கீய்ங். கர்த்தரே என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசி வெள்ளிக்குப் பூதிமேட்டுப் பாட்டு. நாளைக்குக் கொடுக்க வேண்டும். நொச்சிக்கோம்பையில் நடந்ததைக் கேள்விப்பட்டு, இவர்கள் வேறு உஷாராக இருக்கிறார்கள். இந்தப் பெட்டி பிழைக்காவிட்டால் பாட்டு இல்லை, நானூறு ஊர்ப்பெயரும் இல்லை. ஊர் முன்னால் அவர் புதியதில் உட்கார்ந்து முழிக்க வேண்டும். நான் பொய் சொன்னதும் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் என்னை அந்த அறைக்குள் தூசி துடைக்கக்கூட விடுவாரா?

எப்படிக் கொண்டுவருவது என்றுதான் கவலைப்பட்டேன். நேற்று அவர் யாரிடமோ போனில் பேசுகிறார், கூடம் அதிர. "ஆமாப்பா, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பின்னாடி சந்துல, யேசுராஜ்னு, பழைய மிஷினுக்குன்னே பொறந்தவன். எதையும் எழுப்பிருவான்" என்று. தேவன் காட்டின வழி என்று நினைத்துக்கொண்டேன். திண்டுக்கல்லில் அக்காவுக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன். "போய்ட்டு வா, நான் சர்ச் வரைக்கும் போறேன்" என்று அவரும் கிளம்பினார். போவதற்கு முன்னால் இந்தப் பையைக் கொடுத்தார். "அக்காவுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போ, இது கனம் தாங்கும்." வீட்டில் எத்தனையோ பை இருக்கிறது. இவர் கொடுத்தது பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது பாருங்கள்.

இருங்கள், போன். அவர்தான்.

"ஹலோ… கேக்குது, கத்தாதீங்க… ஏறி உக்காந்துட்டேன், சீட்டு கெடைச்சிருச்சு… யாரு?… இப்பவேவா? நாளைக்குன்னுதானே சொன்னாங்க… அய்யய்யோ… நீங்க என்ன சொன்னீங்க?… ம்… ம்… சரி… இல்ல, மழை இல்ல… சரிங்க, வைங்க."

பூதிமேட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். இன்று சாயங்காலமே பாட்டு வேண்டுமாம், நாளைக்கு ஊர் சுற்றி வண்டியில் போடப் போகிறார்களாம். இவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "பாட்டு திண்டுக்கல் போயிருக்கு, அஞ்சு மணிக்குள்ள வந்துரும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டு எப்படித் திண்டுக்கல் போகும்? பாவம், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். அதுவும் எப்படியோ உண்மையாகவே போய்விட்டது. இன்னொன்றும் சொன்னார். "அக்காவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போ, ஏத்தி எறக்கும்போது எங்கயும் இடிச்சிராத" என்கிறார். அவளுக்குக் காய்ச்சல் என்றுதானே சொன்னேன். அவளை நான் ஏன் இடிக்கப் போகிறேன்?

என்ன சிரிக்கிறீர்கள்? நானும் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், இருமல் சொன்னதில் இருந்து சிரிக்கிறீர்கள்.

தெரிந்திருக்குமா? யாருக்கு, அவருக்கா? நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறீர்கள். இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். அவர் வாயில் ஒரு விஷயம் அரை நாள் தங்காது. என் பிறந்த நாளுக்குப் புடவை எடுத்தால் கடையில் இருந்தே போன் பண்ணி நிறம் சொல்லிவிடுகிற மனுஷர். அவராவது, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருப்பதாவது.

யேசுராஜால் முடியாவிட்டால் என்ன செய்வதா? அப்படி மட்டும் ஆகிவிட்டால் வேறு என்ன செய்ய, அன்னக்கொடியைக் கூப்பிட வேண்டியதுதான். அவள் வீடு மூன்று தெரு தள்ளி. புதியதில் அந்த மெட்டுத் திறந்தே இருக்கிறது. பெயரெல்லாம் கட்டமாக இருந்தால் என்ன, திரையில் ஓடுகிற அலையைப் பார்த்தாலே தெரியாதா, முள்ளு முள்ளாக நின்றால் உடுக்கை, பூசணிக்காய் மாதிரி உருண்டால் மாமனார். பூதிமேட்டை ஐந்து விதமாகப் பாட வைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். பழையதில் அந்த வசதி கிடையாது. வலது பக்கம் தட்டினால் கத்தி வரும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒட்டின இடம் தானே மறைந்துவிடும், நான் மூச்சுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மூன்றாவது சரணத்தை மட்டும் இரண்டு தடவை கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும், மிஞ்சினால் ஒன்றேகால்.

எனக்குப் புதியது வருமா என்றா கேட்கிறீர்கள்? வராது, வராது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். தூசி துடைக்கும்போது கண்ணில் பட்டதுதான் எல்லாம்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. அந்த ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்களா, படி இறங்குகிற வரைக்கும்? மெதுவாக. நிதானமாக. ஒன்று சொல்லட்டுமா? இந்த ஆடி ஒழியட்டும். ஆவணியில் வேலை குறைவு. அப்போது புதியதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மனசு நோகாமல், ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். எத்தனை நாளைக்குத்தான் அந்த மனுஷரை ஒன்றும் தெரியாமலேயே வைத்திருப்பது?